மஞ்சள் குடமும் கறுப்புக் கண்ணாடியும்

எங்கள் வீடு விம்கோ நகரில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிற வண்டிகள் எங்கள் மொட்டை மாடிக்குப் பக்கத்திலேயே ஓடும். ஆனால் ஒன்றும் நிற்காது. ஏற வேண்டுமென்றால் மூட்டை முடிச்சோடு லோக்கல் ரயில் பிடித்து சென்ட்ரல் வரை போய், அங்கே ஏறி, மறுபடியும் நம் வீட்டைத் தாண்டித்தான் வடக்கே போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்தப் பயணத்தை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. ஊருக்குப் போகிறவரை இரண்டு முறை வழியனுப்பலாம் அல்லவா?

என் வீட்டுக்காரர் கப்பல் பழுதுபார்க்கிற கம்பெனியில் வெல்டர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அவரைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். லீவில் வருவார், போவார். போகும்போதெல்லாம் ஸ்லீப்பர் கிளாஸ்தான், கீழ் பெர்த்துதான். எங்கள் தெரு வந்ததும் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை விட்டு ஒரு பச்சைத் துண்டை ஆட்டுவார். நான் மாடியில் நின்று மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவேன். முதல் தடவை அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தண்ணி லாரிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ரயில்லயும் தண்ணி வுடறானா?" என்று கேட்க, தெருவே ரொம்ப நாள் என்னை ஓட்டியது.

பெர்த் நம்பரை வைத்து ஜன்னல் எந்தப் பக்கம் அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடல் பக்கம் வந்தால்தான் எங்கள் வீடு தெரியும். மணலிப் பக்கம் அமைந்துவிட்டால் எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவரிடம், "கொஞ்சம் நவுரு நைனா, எங்க வூடு வருது" என்று கெஞ்சி ஜன்னலைப் பிடிப்பாராம். கதவருகே நிற்கக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன்.

"அங்கேர்ந்து பாத்தா நான் எப்டிய்யா தெரியிறேன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொடம் மட்டும்தான் தெரியும். வண்டி போற வேகத்துல உன் மூஞ்சியா பாக்க முடியும்?" என்றார்.

எனக்கு அது பெரிய நிம்மதியாகப் போயிற்று. அழுது அனுப்பக் கூடாது என்று வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வழியனுப்புவேன். மாடியில் அந்தக் கவலை இல்லை. குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுவேன். வண்டி எண்ணூர்ப் பக்கம் மறைந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன்.

அவர் சூப்பர்வைசர் ஆனதும் கம்பெனியே ஏசி டிக்கெட் கொடுத்தது. முதல் தடவை ஜம்மென்று கிளம்பிப் போனார். அன்று எனக்கு முன்னால் பெட்டி பெட்டியாகக் கறுப்புக் கண்ணாடிதான் ஓடியது. எதற்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரியாமல் வண்டி முழுவதற்கும் குடத்தை ஆட்டினேன். துண்டு வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது போல நெஞ்சு வலித்தது. ஆனால் அவரிடம் மூச்சு விடவில்லை. உடம்பு சுகமாகப் போகிற மனிதரை ஏன் கெடுக்க வேண்டும்?

அடுத்த தடவை அவரே மறுபடி ஸ்லீப்பரில் போனார். "ஏசி குளுரு எனுக்கு ஒத்துக்கலம்மே" என்றார். ஓசியில் வந்த ஏசியை வேண்டாமென்ற மனிதன் என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்களாம். கல்கத்தா வேலை முடியும்வரை ஸ்லீப்பர்தான், பச்சைத் துண்டுதான். அந்த நாட்களுக்காக நான் இன்னமும் ஏங்குகிறேன், பிரிவுக்கு யாராவது ஏங்குவார்களா என்று கேட்டாலும் சரி.

போன மே மாதம் எங்கள் மகள் டில்லிக்குக் கிளம்பினாள். ஒரே பெண், முதல் வேலை. போனில் டிக்கெட் போட உட்கார்ந்தவளிடம், "ஸ்லீப்பர் போடு" என்றேன்.

"இன்னாம்மா பேசற? இந்த வெயில்ல டில்லி வரிக்கும் வெந்துகினு போவவா? ஸ்லீப்பர்ல இப்பல்லாம் ரிசர்வ் பண்ணவனுக்கே எடம் கெடைக்கிறதில்ல."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் என் பெண் போவதை நான் கண்ணால் பார்க்க வேண்டுமே! முட்டி வலியோடு கட்டிலில் கிடந்த அவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். "ஏசியே போட்டுக்கோ கண்ணு" என்றார். குளிர் ஒத்துக்கொள்ளாத மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கிளம்பிய நாளில் குடத்தோடு மாடிக்கு ஏறினேன். முட்டி வலியால் அவர் கீழேயே இருந்துவிட்டார். வண்டி வந்தது. எல்லாம் கறுப்புக் கண்ணாடி. எந்தப் பெட்டி என்று தெரியாமல் ஆட்டினேன், அழுதேன், வண்டி போய்விட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தால், என் போனில் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரயில் கண்ணாடி வழியாக எடுத்தது. எங்கள் மாடி, மஞ்சள் குடம், அதற்குக் கீழே நான். அவள் இருந்த பெட்டியை விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறேன். அழுது கோணிய வாய்கூடத் தெளிவாகத் தெரிகிறது. "ஜூம்கூட பண்ணலம்மா. அழுவாத" என்று எழுதியிருந்தாள்.

போனை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அப்பவும் இதே மூஞ்சிதான்" என்றார்.

"அப்போ கொடம் மட்டும்தான் தெரியும்னு ஏன்யா சொன்ன?"

"மூஞ்சி தெரியும்னு சொல்லியிருந்தா மேலயும் சிரிச்சிகினே நின்னிருப்ப. அப்பறம் எப்பதான் அழுவ நீ?"

"குளுரு ஒத்துக்கலன்னதும் பொய்தானா?"

"நீ இப்டி தேடிகினு நின்னத பாத்துட்டு இன்னொரு வாட்டி எப்டி ஏசில போறது?"

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியாமல் அழுததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன்.