நெய்வேலியில் கல்வெட்டில்லாத ஆலயம்

சனிக்கிழமை பிற்பகல் பண்ருட்டியில் பஸ் ஏறினேன். காடாம்புலியூர் தாண்டும்வரை இருபுறமும் முந்திரித் தோப்புகள். சாலையோர நிழலில் பலாப்பழங்களைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் நெய்வேலி ஆர்ச் கேட். அங்கிருந்து டவுன்ஷிப்புக்குள் போக ஆட்டோ நூறு ரூபாய்.

ஜாய்ஸ் அக்காவின் வீட்டைக் காலி செய்ய உதவத்தான் போனேன். தனராஜ் அத்தான் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் வீடு தயாராக இருந்தது. ஆனால் அவர்களுடைய ஒரே மகள் பெனிட்டா நெய்வேலியில் இருக்கிறாள். பதினோரு வயதில் காய்ச்சலில் போனவள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

மாலையில் அத்தான் என்னை ஆலயத்துக்கு அழைத்துப்போனார். ஆங்கிலிக்கன் மரபில் வந்த கோயில் என்றால் எனக்கு எங்கள் பாளையங்கோட்டைக் கோபுரம்தான் கண்ணில் நிற்கும். இது வேறு மாதிரி. சுரங்கம் தொடங்கிய காலத்தில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஒரு கொட்டகையில் கூடி ஆராதித்திருக்கிறார்கள். பிறகு கட்டிடம் கட்டும்போது திருநெல்வேலிக்காரர்கள் உயரமான கோபுரம் கேட்க, வேலூர்க்காரர்கள் வெயில் தாங்கும் கூரை போதும் என்றார்களாம். கடைசியில் குட்டையாக ஒரு மணிக்கூண்டு எழுந்தது. ஜன்னல்கள் மட்டும் எங்கள் ஊரைப்போல மேலே கூம்பி நின்றன. அவற்றில் வண்ணக் கண்ணாடி இல்லை, சிமெண்ட் பின்னல்தான். அதன் வழியாக வரும் கரித்தூள் பெஞ்சுகளில் மெல்லப் படிந்திருந்தது. கிழக்கே பீடம், மேற்கு வாசலை ஒட்டிக் கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி.

சுவர்கள் வெறுமையாக இருந்தன. எங்கள் கோயில்களில் இறந்தவர்களின் பெயர் பொறித்த பளிங்குக் கற்கள் நிறைந்திருக்கும்.

"இங்க ஒரு கல்வெட்டுகூட இல்லையே அத்தான்?"

"ஆரம்பத்துலயே கமிட்டி வேண்டாம்னுட்டாங்க. எல்லாரும் ரிட்டையர் ஆகிப் போறவங்கதானே, யாரு பேரைப் போடுறது, யாரு பேரை விடுறதுன்னு."

ஆலயத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது ஆயர் வந்திருந்தார். இளைஞர். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"ஐயா, பிள்ளையை எடுத்துட்டுப் போக முடியுமா?"

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அரசாங்க அனுமதி வேணும்மா. அது கிடைச்சாலும்... இத்தனை வருஷத்துக்கப்புறம் தோண்டுறதை நீங்க பார்க்க வேண்டாம்மா."

"அப்போ நான் விட்டுட்டுத்தான் போகணும்" என்றாள் அக்கா. அத்தான் கேட்காதவர்போலப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போட்ட முடிச்சு நிற்கவேயில்லை.

ஞாயிறு காலை ஆராதனையில், ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கான ஜெபம். பெயர் கூப்பிட்டதும் அத்தான் எழுந்தார். அக்கா எழவில்லை. அவள் முன்வரிசையிலும் இல்லை. பின்னால், தொட்டியை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெனிட்டாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி அது. பீடத்தின் முன்னால் தனியாக முழங்காலிட்ட அத்தான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, சபை பார்க்க நடுவழியே மேற்கு வாசல்வரை நடந்து, அக்காவின் அருகில் தரையில் முழங்காலிட்டார்.

"வா ஜாய்ஸ்" என்றார்.

ஆயர் தயங்கவில்லை. பீடத்தைவிட்டு இறங்கி அவர்களிடமே வந்தார். சபை முழுவதும் கிழக்குக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றது. இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தவர், அவர்கள் பெயரோடு பெனிட்டாவின் பெயரையும் சொன்னார். அப்போதுதான் அத்தான் அழுதார். அடக்கத்தின்போதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மாலையில் கல்லறையைக் கழுவி, சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினோம். அக்கா கல்லின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். "வெயில்ல சுட்டுக் கெடக்கு" என்றாள்.

திங்கள் காலை சாமான் லாரி முன்னால் போய்விட்டது. நாங்கள் ஆட்டோவில் ஆர்ச் கேட்டுக்குக் கிளம்பினோம். வேப்பமர வரிசைகள், மதில்கள், ஒரே மாதிரி வீடுகள். அக்கா வாயில் முந்தானையை அழுத்தி அழுதுகொண்டே வந்தாள். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும், மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர். கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா ஏங்க அழுதுகினே வராங்க?"

அத்தான் சொன்னார். கொஞ்ச தூரம் போனபின் ஓட்டுநர் மெதுவாகப் பேசினார்.

"நீங்க வந்தா பாக்க எடம் இருக்குதுங்கம்மா. எங்க ஊரே சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு. எங்கப்பாவப் பொதைச்ச சுடுகாடும் போயிடுச்சுங்க. அந்த மண்ணையே அள்ளி வேற எங்கியோ கொட்டிட்டாங்க. இப்ப அங்க பெரிய பள்ளம். எங்கப்பா இருந்த எடத்தக் காட்டுடான்னா, வெறும் ஆகாசத்ததான் காட்டணும்."

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவள் அழுகை நின்றதென்று சொல்ல முடியாது. ஆனால் முன்னால் குனிந்து, ஓட்டுநரின் தோளருகே கேட்டாள்.

"அப்பா பேரு என்னப்பா?"

"கலியமூர்த்திங்க."

"கலியமூர்த்தி" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.