அச்சா, பேனாவா? பாகூர்ப் பக்கத்தில் ஓர் எண்கட்டம்

இன்று பேருந்தில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் கைப்பேசியில் சுடோகு கட்டங்களை நிரப்புவதைக் காண்கிறேன். அது நேற்று வந்த விளையாட்டு என்றும், அதன் உத்திகளுக்கு ஆங்கிலப் பெயர்களே உண்டு என்றும் அவர்கள் எண்ணுகின்றனர். எண்பதுகளின் தொடக்கத்திலேயே புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனில், அதாவது ஊராட்சி வட்டாரத்தில், ஒரு பள்ளியில் நாங்கள் மூவர் அக்கட்டங்களோடு மல்லுக்கட்டினோம். உத்திகளுக்குத் தமிழில் பெயரும் சூட்டினோம். அவ்வுத்திகளால் ஓர் ஆசிரியை தம் வேலையை விடாமல் தப்பினார். இதனை அறிந்த மற்ற இருவரும் எழுதும் பழக்கமற்றவர்கள். ஆதலின் நான் எழுதுகிறேன்.

மூவரில் நான் தமிழாசிரியன். கணக்காசிரியர் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறித்தவப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தமக்கையார் அமெரிக்காவில் செவிலியாக இருந்தார். அவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் கிடந்த எண்கட்டப் புதிர் இதழ்தான் எங்கள் கைக்கு வந்தது. விடைப் பக்கங்கள் இல்லை; வாசனைப் புட்டியைச் சுற்றக் கிழித்துவிட்டாராம். மூன்றாமவர் நல்லவாட்டிலிருந்து வரும் அறிவியல் ஆசிரியை. பேறுகால விடுப்பு முடிந்து அப்பொழுதுதான் திரும்பியிருந்தார்.

ஒன்றுமுதல் ஒன்பதுவரை எந்த எண்ணும் ஒரு வரிசையிலோ சிறு சதுரத்திலோ இருமுறை வரலாகாது என்பதே விதி. உணவு இடைவேளையில் ஆளுக்கொரு வழி. என் வழி எளியது: ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சிறு சதுரத்திலும் அது நுழையக்கூடிய ஒரே இடத்தைத் தேடுவேன். இதற்குத் 'தனியிடம் காணல்' என்று பெயரிட்டேன். எளிய புதிர்கள் இதற்கே பணிந்துவிடும். கடியவை பணியா.

கணக்காசிரியர் ஒவ்வொரு வெற்றுக் கட்டத்தின் மூலையிலும் அங்கு வரத்தக்க எண்கள் அனைத்தையும் பொடியாக எழுதிவிட்டுத்தான் சிந்திக்கவே தொடங்குவார். அவர் கண்டறிந்தவற்றுள் இரண்டு சிறந்தவை. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு அதே இரண்டு எண்கள் மட்டுமே உரியனவாயின், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அவ்வெண்கள் அவ்வரிசையின் பிற கட்டங்களில் புகமாட்டா. இது 'இணைவிலக்கு'. ஓர் எண் இரண்டு கிடைவரிசைகளில் அதே இரண்டு நெடுவரிசைகளில் மட்டும் அமர இயலுமாயின், அந்நெடுவரிசைகளின் ஏனைய கட்டங்களில் அதற்கு இடமில்லை. நான்கு மூலையும் கட்டிலின் கால்கள்போல் நிற்பதால் இதற்கு 'நாற்கால் விலக்கு' என்றேன்.

"இன்னா ஐயா, புள்ளைக்கா பேர் வெக்கிறீங்க?" என்று கணக்காசிரியர் சிரித்தார்.

ஆசிரியையின் முறை வேறு. ஐயமுள்ள கட்டத்தில் ஓர் எண்ணைத் துணிந்து வைப்பார், தொடர்ந்து செல்வார், முரண் வந்தால் அழிப்பார்.

"டீச்சரே, கண்டமேனிக்கு வெச்சுப் பாக்குறதுக்குப் பேரு கணக்கு இல்ல, சூதாட்டம்," என்றார் கணக்காசிரியர்.

"உங்க முறையில போட்டா, சார், எம் புள்ள பத்தாவது எழுதுற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

முரண்வழி அறிதலும் தருக்கம் உரைக்கும் அளவை நூலுக்கு உடன்பாடே என்று நான் தீர்ப்பளித்தேன். இருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இதழின் கடைசிப் புதிர் எங்களைப் பல நாள் வாட்டியது. மூவர் முறையும் ஒரே மூலையில் முட்டி நின்றன. ஒரு நண்பகல் ஆசிரியை, தயிர்ச்சோறு உண்ட கையைக் கழுவிவிட்டு வந்து, ஈர விரலால் நடுச்சதுரத்தின் ஐந்தைத் தேய்த்தார். கறுப்பாகத் தெரிந்த அது நீலமாகக் கலங்கியது. கணக்காசிரியர் என்றோ ஓர் ஊகத்தை மையால் எழுதியிருந்தார். அவர் கையெழுத்து அச்சைப் பழிக்கும் அழகுடையது. அதனால் அவரே அதனை அச்சிட்ட எண்ணென்று நம்பிவிட்டார். அந்த ஐந்தை நீக்கியதும் புதிர் மதிய மணி அடிப்பதற்குள் முடிந்தது. அன்றுமுதல் எவர் எதை உறுதியாகச் சொன்னாலும், "இது அச்சா, பேனாவா?" என்று கேட்பது ஆசிரியையின் வழக்கமாயிற்று.

அவ்வாரமே அவருக்கு இடர் நேர்ந்தது. பேரக்குழந்தைக்காக நிறுத்தியிருந்த மீன் விற்பனையை அவர் மாமியார் மீண்டும் தொடங்கினார். மாலையில் படகு கரையேறும்போது மீன் எடுக்கச் செல்வார்; அதற்குள் ஆசிரியை வீடு சேர்ந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். நல்லவாட்டுப் பேருந்தோ கடைசிப் பாடவேளை தொடங்கும் நேரத்தில் புறப்படுவது. அடுத்தது இருட்டிய பின்தான். கடைசிப் பாடவேளை எனக்கு ஓய்வாக வேண்டும், முதற்பாடவேளை உட்பட வேறு எதுவும் ஏற்பேன் என்று தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"மோதல் இல்லாம அட்டவணை போட்டுக் காட்டுங்கம்மா, கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்," என்றார் அவர். இயலாவிடில் வேலையை விடுவதாக ஆசிரியை எங்களிடம் சொன்னார்.

கால அட்டவணையும் அதே கட்டந்தான்: வகுப்புகள் கிடைவரிசை, பாடவேளைகள் நெடுவரிசை, ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் ஈரிடத்தில் நிற்க இயலாது. நாங்கள் பழைய அட்டவணையை விரித்து அமர்ந்தோம். பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடவேளை நாள்தோறும் அறிவியல். ஆய்வுக்கூடம் அப்பொழுதுதான் ஒழிவு என்று எல்லாரும் கூறினர். அதனை அசைக்காமல், அவ்வேளைக்கு வேறோர் ஆசிரியரைப் பொருத்த வியாழன் வரை முயன்றோம். எந்த முறையும் பயன் தரவில்லை.

வெள்ளியன்று ஆசிரியை அட்டவணையைச் சுருட்டிக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குச் சென்றார். நாங்கள் இருவரும் பின்தொடர்ந்தோம்.

"சார், பத்தாவதுக்குக் கடைசி பீரியட் சயின்ஸ்னு இருக்கே, இது அச்சா, பேனாவா?"

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா கேக்குற?"

"ரூல் இருக்குதா சார், இல்ல யாராவது போட்டதா?"

அவர் சற்று நினைத்துப் பார்த்துச் சிரித்தார். "முன்னாடி இருந்த சயின்ஸ் வாத்தியாருக்கு வூடு எதிர்லயே. மத்தவங்கல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவாங்க, நான் இருக்கேன்னு அவரே கேட்டு வாங்கிக்கினாரு. லேப் காலையிலயும் சும்மாதான் கெடக்குது."

அச்சென்று நாங்கள் நம்பியது பேனாவாகவே இருந்தது.

உடனே கட்டம் நெகிழ்ந்தது. பிற வகுப்புகளுக்குக் கடைசிவேளையில் விளையாட்டும் ஓவியமும் தையலும் இருந்தன. ஒன்பதும் பத்தும் மட்டும் எஞ்சின. ஆங்கிலம் நடத்தும் தலைமையாசிரியர் அவ்வேளையில் அலுவலகத்தை விட்டு வாரார். சமூகவியல் ஆசிரியர் மதியத்துக்குமேல் வேறொரு பள்ளிக்குச் செல்பவர். ஆக, ஆசிரியை விலகினால் அவ்விரு கட்டங்களுக்கும் உரியவர்கள் கணக்காசிரியரும் நானுமே.

"இணைவிலக்கு, ஐயா," என்றார் கணக்காசிரியர் ஈனக்குரலில். "நாம ரெண்டு பேரும் அந்த ரெண்டு கட்டத்துல மாட்டினோம். யார் எதுலன்னு கூட முக்கியமில்ல."

"நாள் விட்டு நாள் மாத்திக்கலாமே," என்றேன்.

"கடைசி பீரியட்ல கணக்கு. தூங்குற புள்ளைங்களுக்கு நானே தாலாட்டுப் பாடணும்."

எஞ்சியவற்றை ஆசிரியை தம் முறையில் முடித்தார். பத்தாம் வகுப்பு அறிவியலை முதல்வேளையில் வைத்துப் பார்த்தார். ஓவிய ஆசிரியர் ஈரிடத்தில் வந்தார். அழித்து இரண்டாம் வேளையில் வைத்தார். மோதலின்றி ஓடி முடிந்தது. சூதாட்டம் என்ற சொல்லைக் கணக்காசிரியர் அதன்பின் எடுக்கவில்லை. தலைமையாசிரியர் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து கடைசிப் பாடவேளை மணி அடிக்கும்போது ஆசிரியை கைப்பையும் சோற்றுப் பாத்திரமுமாய் வாயிலை நோக்கி ஓடுவார். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தி அவருக்காகக் காத்திருப்பார். நான் பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருப்பேன். அடுத்த அறையில் கணக்காசிரியர் யாரையோ எழுப்பிக்கொண்டிருப்பார்.

விடைப் பக்கம் இல்லாத இதழாதலின் எங்கள் விடைகளை எவரும் சரிபார்த்ததில்லை. மேலே உரைத்த உத்திகளிலும் பிழை இருக்கலாம்; நான் கணக்கறிந்தவனல்லன். நாற்கால் விலக்கில் கிடைவரிசையையும் நெடுவரிசையையும் மாற்றி உரைத்திருப்பின், அல்லது அக்காலத்து நல்லவாட்டுப் பேருந்தின் நேரத்தைப் பிறழ நினைத்திருப்பின், அறிந்தோர் திருத்தித் தருக. இப்பக்கத்தில் உள்ளவை யாவும் பேனாதான்.