கீழிருந்து வரவேண்டிய குரல்

அவருக்கு ஊரார் வைத்த பெயர் ‘காது’. ஒலிபெருக்கி வேலை. வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் நடக்கும் நாட்டுப்புறப் பாட்டு விழாவுக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் மைக் வைக்கிறார். பாடுகிறவருக்கு ஒன்று, தோல் வாத்தியத்துக்கு இரண்டு, கம்பி வாத்தியத்துக்கு ஒன்று என்று எல்லாரும் வைப்பதுபோலத்தான் வைப்பார். கடைசியாக மேடை ஓரத்தில் உயரமான கம்பம் ஒன்றில் இன்னொரு மைக்கைக் கட்டி, அதன் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவார். அந்த மைக்கின் ஒலி வெளியே வராது. அவருடைய ஹெட்போனிலும் பதிவுப் பெட்டியிலும் மட்டும் கேட்கும்.

கூட வேலை பார்க்கும் கேபிள்காரருக்கு ‘ஒயர்’ என்று பெயர். ஆளும் அப்படித்தான், எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவார். அவருக்கு இந்தக் கம்பத்தைத் தூக்குவதில் வருடாவருடம் சலிப்பு.

“ஏண்ணே, சனங்க என்ன பாடவா போறாங்க? அவங்களுக்கு எதுக்கு ஒரு மைக்கு?”

“பாடுறவங்க நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் பாடுவாங்க. நெசமாவே நல்லா இருக்கான்னு இவங்களத்தான் கேக்கணும்.”

“கேட்டா சொல்லிடுவாங்களாக்கும்.”

“வாயால சொல்ல மாட்டாங்க. நாற்காலியால சொல்லுவாங்க.”

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. நீளமான கதைப்பாட்டில் எந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் முனகத் தொடங்கும், எந்த இடத்தில் கைப்பைகளின் ஜிப் திறக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். மரியாதைக்குத் தட்டும் கைகள் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓயும். மனது நிறைந்து தட்டுகிறவர்கள் கொஞ்சம் தாமதமாக, ஏதோ ஒரு மூலையிலிருந்து தொடங்குவார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. மேடை ஏறியவருக்கு வரி மறந்துவிட்டால், முகம் வெளுப்பதற்குள் அவருடைய மைக்கை மெல்ல இறக்கிவிடுவார். அவர் முன்னால் இருக்கும் பலகையில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சிறு கட்டை உண்டு. மேலே தள்ளினால் ஒலி ஏறும், கீழே இழுத்தால் அடங்கும். பாடுகிறவரின் கட்டையை இறக்கி வாத்தியத்தை ஏற்றினால், வேண்டுமென்றே விட்ட இடைவெளிபோலக் கூட்டத்துக்குத் தோன்றும். பாடியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்துவிடுவார். இப்படி ஐம்பது அறுபது பேரின் மானத்தைக் காப்பாற்றியிருப்பார். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

அவருடைய அக்கா ஒரு காலத்தில் கல்குவாரியில் பாட்டு எடுத்துக் கொடுத்தவர். பள்ளத்தில் வெட்டிய கல்லை மரச்சறுக்கில் ஏற்றி, பதினாறு பேர் கயிறு பிடித்துச் சரிவில் மேலே இழுப்பார்கள். அக்கா பள்ளத்தின் விளிம்பில் நின்று “அடியில கெடந்த கல்லு” என்று கூவுவார். பதினாறு பேரும் “ஏறி வா” என்று இழுப்பார்கள். சறுக்கு ஒரு முழம் ஏறியதும், கீழே குனிந்திருக்கும் ஆள் அதன் பின்னால் மரத்துண்டு ஒன்றை முட்டாகச் செருகி, “இருக்கு” என்று குரல் கொடுப்பார். அந்த ஒற்றைக் குரல் வந்த பிறகுதான் அடுத்த வரி. வரியைக் கேட்டதும் இழுப்பவர்கள் கையைத் தளர்த்திப் பிடி மாற்றுவார்கள். அந்த ஒரு கணம் கல்லின் பாரம் முழுவதும் முட்டின்மேல்தான் நிற்கும்.

முட்டு வைத்தவர் அக்காவின் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அக்கா அடுத்த வரியைக் கூவினார், கைகள் தளர்ந்தன. முட்டு இல்லை. கல் அவர்மேல் இறங்கியது.

“அவ அவசரப்பட்டுட்டா, அவரு சொல்றதுக்கு முன்னாடியே கூவிட்டா” என்று முதலில் சொன்னவர், கயிற்றின் கடைசியில் நின்றவர். ‘நுனிக்கயிறு’ என்பார்கள். மற்றவர்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இழுக்கிறவனுக்கு அவனவன் மூச்சுதான் பெரிதாகக் கேட்கும். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாத பேச்சுக்கு நாளாக ஆக வலு கூடிவிடும். கொஞ்ச நாளில் அதுவே நடந்த கதையாகிவிட்டது.

காதுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நகரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தார். போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று முதல் இருவரும் டயர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில்தான் இருக்கிறார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி பறக்கும் படுக்கை விரிப்புகளை முனைக்கு முனை பிடித்து மடிப்பார். வீட்டிலும் துண்டோ சட்டையோ எது கையில் கிடைத்தாலும் அதே மடிப்பு. பாட்டு என்று ஒரு முணுமுணுப்புக்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அன்று என்ன நடந்தது என்று தம்பியும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் விழாவில் உழைப்புப் பாட்டுகளுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கியிருந்தார்கள். மேடையில் அறிவிப்பு செய்யும் டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார்.

“அக்கா, நீங்க குவாரியில பாட்டு எடுத்துக் குடுத்தவங்களாமே? ஒண்ணே ஒண்ணு பாடுங்களேன். வரலன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மூச்சு வாங்க நாப்பது படி ஏறி வந்திருக்கேன்.”

அக்கா சட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. “எத்தன மணிக்கு?” என்றார்.

டீச்சர் போன பிறகு தம்பி வாயைத் திறந்தார். “யோசிச்சுச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“குவாரி ஆளுங்க வருவாங்களா?”

“பாட்டுன்னா வருவாங்க. அதுக்குத்தான் சொல்றேன்.”

“அதுக்குத்தான் நானும் வரேன்” என்றார் அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் தம்பிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கண் முன்னால் அக்கா அந்தப் பாட்டைப் பாடி முடிக்க வேண்டும். நடுவில் தடுமாறினால், ‘இன்னைக்கும் பாரு’ என்பார்கள். இருபத்திரண்டு வருடப் பேச்சுக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும்.

பதினொரு மணி வெயில். குவாரியில் இருந்தவர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் கடைசியில் சுவரோரம் நின்றார்கள். நுனிக்கயிறு அவர்களில் ஒருவர். முடி முழுக்க நரைத்திருந்தது.

டீச்சர் கூட்டத்தை உற்சாகப்படுத்தினார். “அக்கா ஒரு வரி சொல்லுவாங்க, நீங்க எல்லாரும் ‘ஏறி வா’ன்னு சொல்லணும். வீட்ல குக்கர் விசில் அடிக்கிற அளவுக்காவது சத்தம் வரட்டும்!” கூட்டம் சிரித்தது. ஒத்திகைக்கு இரண்டு தடவை கத்தவும் செய்தது. கீழிருந்து வரும் அந்த ஒற்றைக் குரலைப் பற்றி டீச்சருக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை.

காதுக்குமே அது கேள்விப்பட்ட அளவுதான். அவர் குவாரியில் வேலை செய்தவர் இல்லை. சிறு வயதில் வீட்டு வாசலில் இருந்து கேட்டவர். அங்கே அக்காவின் குரல் வரும், பதினாறு பேரின் இரைச்சல் வரும், பிறகு மூன்று நான்கு மூச்சு நேரம் ஒன்றும் வராது. பள்ளத்தின் அடியில் இருப்பவர் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. இந்த மேடையிலும் வேறு பல குழுக்கள் இதே மாதிரிப் பாட்டுகளைப் பாடிக் கேட்டிருக்கிறார். அவர்கள் யாரும் இடைவெளியே விடுவதில்லை, கைத்தாளத்தோடு ஓட்டிவிடுவார்கள்.

அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அடியில கெடந்த கல்லு…”

சலவைக்கூடத்தின் நீராவியில் அந்தக் குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு “ஏறி வா!” என்றது. சிரிப்போடு சொன்னது. சிலர் தாளம் போட்டார்கள்.

அக்கா நிறுத்தினார்.

ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. ஹெட்போனில் கூட்டம் காத்திருப்பது கேட்டது. நான்கு மூச்சு வரை காதும் பொறுத்தார். அது அவருக்குத் தெரிந்த இடைவெளி. ஐந்தாவதில் முன்வரிசையில் ஒரு நாற்காலி முனகியது. ஆறாவதில் யாரோ, “மறந்துட்டாங்கப்பா” என்றார்கள். இரக்கப்பட்டு இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்தத் தட்டல் பரவியது, அதற்குள் ஒரு சின்னச் சிரிப்பும் கலந்தது. ஏழாவது மூச்சில் அவருடைய கை போய் அக்காவின் கட்டையை அடிவரை இறக்கிவிட்டது.

ஏற்றுவதற்கு வாத்தியம் எதுவும் இல்லை என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேடையில் அக்கா மட்டும்தான்.

அக்கா தடுமாறவில்லை. கூட்டத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து, மேடைக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றைக் காதில் வாங்குவதற்கு நிற்கிற நிற்பு அது. தட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் ஓரத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்து, அந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எத்தனை மூச்சு என்று காது எண்ணவில்லை. பத்தொன்பது வருடத்தில் இத்தனை பேர் இவ்வளவு சும்மா இருந்து அவர் கேட்டதில்லை.

“இருக்கு.”

சுவரோரத்திலிருந்து வந்தது. கரகரத்த குரல். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நுனிக்கயிறு இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் சொன்னார். “இருக்கும்மா. கூவு.”

அக்கா கூவினார். மைக் இல்லாமலே அந்தக் குரல் மைதானத்தின் கடைசி வரை போனது. காது கட்டையில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். இந்த முறை “ஏறி வா” என்று சொன்னபோது கூட்டம் சிரிக்கவில்லை, தாளமும் போடவில்லை. சொல்லிவிட்டுத் தானாகவே நிறுத்தி, பின்னால் இருந்து வரும் ஒற்றைக் குரலுக்குக் காத்திருந்தது. அக்கா ஒன்பது வரி பாடினார். ஒன்பது தடவையும் நின்று, கேட்டு, பிறகுதான் அடுத்ததற்குப் போனார்.

பாட்டு முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரத்து ஐந்து பேரும் அக்காவிடம் வந்து பேசவில்லை. வெளிவாசல் வரை போய், மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பி நின்றுவிட்டுப் போனார்கள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒயர் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். “அண்ணே, அக்கா மைக் லைன்ல ஏதோ கோளாறுபோல. நடுவுல செத்துப்போச்சு.”

“கோளாறு லைன்ல இல்ல” என்றார் காது.

அக்கா ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒயர் தள்ளிப் போனதும் கேட்டார்.

“மைக்க ஏன் எறக்குன?”

பொய் சொல்ல ஒரு நொடி இடம் இருந்தது. “நீ வரிய மறந்துட்டன்னு நெனச்சேன்க்கா.”

“நீயுமா” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விரிப்பில் இன்னொரு கறையைப் பார்த்ததுபோலச் சொன்னார்.

காது தரையில் உட்கார்ந்தார். மைதானத்தில் காலி நாற்காலிகள் வெயிலில் கிடந்தன. இத்தனை வருடம் மரியாதை என்று பெயர் வைத்திருந்தது வேறு ஏதோ ஒன்று என்று தெரிந்தது. அக்கா அவசரப்பட்டுவிட்டார் என்று ஊரைப் போலவே அவரும் நம்பியிருந்தார். அதனால்தான் கேட்கவில்லை.

“அன்னிக்கு மாமா ‘இருக்கு’ன்னு சொன்னாராக்கா?”

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

“சொன்னாரு. நல்லாவே கேட்டுச்சு. நான் கேட்டுட்டுத்தான் கூவினேன்.”

“அப்புறம் எப்படி…”

“முட்டு வைக்காமலே சொல்லிட்டாரு. அதான் கடைசிக் கல்லு. சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்னு காலையிலேருந்தே சொல்லிக்கிட்டு இருந்தாரு. சொல்லிக்கிட்டே வச்சுடலாம்னு நெனச்சிருப்பாரு.”

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா?” அக்கா தம்பியை நேராகப் பார்த்தார். “செத்தவரு தப்புன்னு ஆயிருக்கும். நான் உசுரோட இருந்தேன். ஊரு எது சொன்னாலும் என்னால தாங்கிக்க முடியும். அவரால முடியுமா?”

காது கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“இன்னிக்கு கயித்து நுனியில நின்ன அந்த மனுசன் எனக்காகச் சொன்னாரே, அது போதும். நீ யாருகிட்டயும் வாயத் தெறக்காத” என்று சொல்லி, அக்கா எழுந்து பின்பக்கம் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டு மணிக்குச் சலவைக்கூடத்தில் அடுத்த ஷிப்ட்.