நாலாவது பிஸ்டன்

பட்டறையில் அவளை எல்லோரும் கேஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அளக்காமல் ஒரு ரிங்கைக்கூட பிஸ்டனில் ஏற்ற மாட்டாள். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. "அளவெடுக்கிறது என் தொழில், ஆனா வீட்டுல என்னை அளக்கிறவ அவதான்" என்று தையற்காரரான அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

பதினாறு வருஷம் இப்படி வேலை பார்த்தவளைத்தான் முதலாளி வேன் டிரைவர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் பிரித்துப் பூட்டிய வேன் இஞ்சின் பத்தே நாளில் நீலப் புகை கக்குகிறதாம்.

"ரிங்கைத் தலைகீழா மாட்டியிருப்பா. கண்ணு போயிடுச்சு" என்று டிரைவரிடம் சொன்னவர் அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீ இஞ்சினைத் தொடாதே, பார்ட்ஸ் கழுவினாப் போதும்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணு போயிடுச்சாம்! மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

"பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

ரிங்கின் முனையோரம் கடுகளவு ஒரு புள்ளி இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். கீழே போய்விட்டால், எண்ணெயை வழித்துக் கீழே தள்ள வேண்டிய ரிங் அதை மேலே ஏற்றிவிடும், புகைதான் மிஞ்சும். மூன்று பிஸ்டன்களில் எல்லாப் புள்ளியும் மேலே இருந்தது. கடைசியான நாலாவதில் நடு ரிங்கின் புள்ளி கீழே.

அந்தப் பட்டறையில் எந்த இஞ்சினானாலும் கடைசி பிஸ்டனுக்கு முதலாளிதான் ரிங் போடுவார். கைராசியாம்! வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஜம்பமாகப் போடுவார், கண்ணாடி மட்டும் பையை விட்டு வெளியே வராது. அவர் போட்டதைச் சரிபார்த்தால் மரியாதைக் குறைவு என்று அவளும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தபோது அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"டிரைவர் தம்பி, நாலாவதுக்கு யார் ரிங் போட்டாங்க? நீங்க நின்னு பாத்தீங்கல்ல?"

டிரைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

"இப்ப வர்ற ரிங்கெல்லாம் மட்டம்மா, அதான்..." என்று இழுத்தார்.

"மட்டமான ரிங்குன்னா உள்ள போய் குட்டிக்கரணம் போடுமாண்ணே?"

டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. புது ரிங் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக அளந்து, மூன்று பிஸ்டனையும் முடித்தாள். நாலாவதை எடுத்ததும் முதலாளியின் கை பழக்கதோஷத்தில் நீண்டது.

நீண்ட கையில் அவள் அழுக்கு பார்ட்ஸ் தட்டை வைத்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைக் கழுவிக் குடுங்கண்ணே."

முதலாளி டிரைவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.