கோணலான 786

இப்போது நினைத்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கோ வாப்பாவைக் கடித்துக் குதறியிருப்பேன்.

வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு லேப் டெக்னீஷியன் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பல்கலைக்கழகம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழை அனுப்புவதுதான் பாக்கி. நான் டியூட்டியில் மாட்டிக்கொண்டதால், காரைக்கால் கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடையில் இருந்த வாப்பாவிடம், அவர் போனிலிருந்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: கையெழுத்துக்குப் பிறகு ஆவணம் திருத்தப்பட்டிருக்கிறது, விளக்கம் தரவும்.

போலிச் சான்றிதழ் கொடுத்தவள் என்று பெயரெடுக்கவா விழுந்து விழுந்து படித்தேன்? வீட்டுக்கு வந்ததும் வாப்பாவின் போனை வாங்கி, அனுப்பிய கோப்பைத் திறந்தேன். உச்சியில், நட்டநடுவில், சிவப்பாக, விரலால் கிறுக்கிய கோணல் 786. பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அதை எழுதாமல் வாப்பாவுக்கு ஜவுளி பில் போடக்கூடக் கை ஓடாது.

“என்ன வாப்பா பண்ணி வச்சிருக்கீங்க?”

“ஏம்மா, ஒரு மார்க்கையாவது கூட்டிப் போட்டேனா? அல்லாஹ்வ நெனச்சுத்தானே எழுதுனேன்?”

“யாரு போட்ட கையெழுத்துன்னு மட்டுமில்ல வாப்பா, போட்டதுக்கு அப்புறம் யாரும் ஒரு புள்ளிகூட வைக்கலன்னும் அந்த டிஜிட்டல் கையெழுத்து சாட்சி சொல்லும்.”

“நல்லதுக்கு வச்சாலுமா?”

“நல்லது கெட்டதெல்லாம் அதுக்குத் தெரியாது.”

அவர் நம்பவில்லை. ஒரு நகலின் ஓரத்தில் புள்ளி வைத்து, என் லேப்டாப்பில் சோதிக்கச் சொன்னார். செல்லாது என்று சிவப்புக் குறி விழுந்தது. “அட, கண்டுபுடிச்சிடுச்சே!” இன்னொரு நகல், இன்னும் பொடிப் புள்ளி. மறுபடியும் சிவப்பு. மீன் ஆய்ந்த கையோடு வந்து பார்த்த உம்மா, “வாப்பாவுக்கும் மகளுக்கும் பைத்தியம் முத்திப்போச்சு” என்றார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நடந்ததை எழுதி, என்னிடமிருந்த அசல் கோப்பை நானே அனுப்பினேன்.

அடுத்த வாரமே வேலை உத்தரவு வந்துவிட்டது. அதிலும் டிஜிட்டல் கையெழுத்து. துள்ளிக்கொண்டு கடைக்கு ஓடி, போனை வாப்பாவிடம் நீட்டினேன். அவர் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே குனிந்து, வரி வரியாகப் படித்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“மூணு வருசம்னு போட்டிருக்கே,” என்றார், கையை எடுக்காமலே. “அத ஒண்ணுன்னு மாத்துனா, அதையும் கண்டுபுடிச்சிடுமாம்மா?”

“கண்டுபுடிச்சிடும் வாப்பா” என்றேன்.