செண்பகத்தின் பாஸ்வேர்டு

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். இதுவரை யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை, தெரிந்த ஒருவரும் வெளியே சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். "பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

செல்போனில் இன்டர்நெட் வராத காலம். கோவில்பட்டியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். செண்பகம் பக்கத்திலுள்ள எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்தியம். அவர்கள் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, ஆளுக்கொரு எண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள்.

அதுவரை டாக்டர் சொன்னதெல்லாம் அவள் அப்பாவின் காதுக்குத்தான் போகும். இப்போது அவளே திறந்து பார்க்கலாம். என்ன சந்தோஷம் அவளுக்கு! "எனக்கு என்ன செய்யுதுன்னு நானே படிச்சுப் பாக்கேன்லா அக்கா" என்பாள். புரியாத இங்கிலீஷுக்கு என்னிடம் பொருள் கேட்டுக் குறித்துக்கொள்வாள்.

மறந்துவிடுவாளே என்று பாஸ்வேர்டை என் நோட்டில் எழுதிவைத்தேன். அவளுடையது மட்டுமா? பரீட்சை ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் போட வருகிற எல்லாருடையதும் என் நோட்டில்தான் இருந்தது. அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்!

அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பூ வைக்க நாளும் பார்த்துவிட்டார்கள். "அதுக்கு முன்னாடி மாப்பிள்ளகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிருவேன்க்கா" என்றாள். எனக்கு இது தெரியும். நன்றாகத் தெரியும்...

ஒரு நாள் முற்பகலில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். அடுத்த தெருவில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருப்பவர்.

"ஏம்மா, அந்தப் புள்ள இங்கன அடிக்கடி வருதாமே? மாசாமாசம் மதுரைக்கு வேற பஸ் ஏறுதாம். யாரப் பாக்கப் போவுதுன்னு நாங்க விசாரிக்கணும்லா?"

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணாச்சி, அவ ஆஸ்பத்திரிக்குத்தான் போறா. அப்படிப் பேசாதீங்க, நாக்கு அழுகிப் போயிரும்" என்றேன்.

"ஆஸ்பத்திரின்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நோட்டைப் புரட்டினேன். எண்ணை அடித்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நல்லாப் பாத்துக்கிடுங்க! நாலு வருஷமா வலிப்பே வரலன்னு டாக்டர் எழுதியிருக்காரு!"

நான் சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒரே சொல். மெல்ல எழுந்தார். "நல்ல நேரத்துல காட்டிக் குடுத்த தாயி" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கும்பிட்டார்...!

அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் திறந்தேனா? பல காலம் அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. எனக்குத் தெரியாததா என்கிற திமிர்! அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே! டாக்டர் அப்பாவிடம் சொன்னார். நான் பெரியப்பாவிடம் சொன்னேன். என்ன பெரிய வித்தியாசம்?

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஆனால் வலிப்புக்காரி என்ற பேச்சு சொந்தக்காரர்கள் மத்தியில் பரவிவிட்டது. அதன்பின் அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் செண்பகம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "டாக்டர் எழுதுனத அப்படியே சொல்லுதாவக்கா. யாரோ என்னோடத தொறந்து பாத்திருக்காவ. பாஸ்வேர்ட மாத்தணும். எனக்கு ஒண்ணும் ஓடல, நீங்களே ஏதாவது போடுங்க."

மாற்றினேன். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது... சொல்லவில்லை! புதிய பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தவள் அதை மறுபடி என்னிடமே நீட்டினாள்.

"உங்க நோட்டுலயும் எழுதி வச்சிக்கிடுங்கக்கா. உங்கள விட்டா நான் வேற யார நம்ப?"

அவள் பார்த்துக்கொண்டிருக்க, எழுதி வைத்துக்கொண்டேன்.