டாஸ்லிங் என்ற சொல்

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றுப்போனாள். மறுதேர்வுக்குப் படிக்க உட்கார்ந்ததும் நான் சூரிய பகவானுக்கு நேர்ந்துகொண்டேன். நாற்பத்தெட்டு நாள், விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை, திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்து வரப்பில் நின்று அவரையே இமைக்காமல் பார்ப்பது என்று. யாரும் சொல்லித்தரவில்லை. சாமி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது என்ன கும்பிடு என்று நானாக நினைத்ததுதான். கண்ணில் நீர் வழிந்தபோது அருள் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

முப்பது நாள் தாண்டியிருக்கும். எதைப் பார்த்தாலும் நடுவில் காசளவுக்கு ஒரு கருப்பு வந்து உட்கார்ந்தது. மொட்டைப் பார்த்தால் மொட்டு இல்லை, சுற்றி இலைதான் தெரிந்தது.

“ஏங்க, பூப் பறிக்கச் சொன்னா தழையப் பறிச்சிருக்கீங்க. வீட்ல ஆடா வளக்குறோம்?” என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். சொன்னால் விரதத்தை நிறுத்தச் சொல்வாள்.

அந்த வாரம் மகள் அகராதியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு ஆங்கிலச் சொற்களைப் படித்துக்கொண்டிருந்தாள். டாஸ்லிங் என்றால் என்னம்மா என்று கேட்டேன்.

“ரொம்பப் பிரகாசம்ப்பா. செத்த நேரம் கண்ணே தெரியாமப் போற அளவுக்கு. நல்லதுக்கும் சொல்லுவாங்க. டாஸ்லிங் ஸ்மைல்னா அம்புட்டு அழகான சிரிப்பு.”

“செத்த நேரம்னுதான் போட்டிருக்கா?”

“ஆமா. அப்புறம் தெரிஞ்சிரும்.”

நான் எட்டாவது படித்தவன். அகராதியில் அச்சடித்திருப்பது பொய்யாகுமா? மிச்ச நாளையும் முடித்தேன்.

அவள் தேறிவிட்டாள். மதிப்பெண்ணைப் பார்க்கச் சொல்லிக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன்.

“எங்கப்பா பாக்குறீங்க?” என்றவள், அன்றைக்கே திண்டுக்கல்லுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். “வெல்டிங் வேலையா?”

“இல்லம்மா, விவசாயம்.”

“அப்ப சூரியன உத்துப் பாத்தீங்களா?”

தலையாட்டினேன்.

“உள்ள சுட்டிருக்குய்யா. ஓரப்பார்வை இருக்கும். நடுவுல போனது திரும்புறது கஷ்டம்.”

பகவான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார். அப்படிப் பார்க்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்தாள். “எதுக்குப்பா பாத்தீங்க?”

“சும்மா, ஒரு பழக்கந்தாம்மா” என்றேன்.

அவள் நம்பினாளா, அழுதாளா, தெரியவில்லை. முகம் இருந்த இடத்தில் கருப்பு. காதுத் தோடும் தோளில் கிடந்த சடையும் மட்டும் தெரிந்தன.